எழுத்தாளரே, உங்களை எங்கே தேடுவது?

புலவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளலாமா? இலக்கண நூலான நன்னூல் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துப் பேசுகிறது. எவ்வளவு அரிய நூலைச் செய்து முடித்தவனானாலும் தற்புகழ்ச்சி தகாது என்று பாயிரத்தில் முதலில் விதிக்கிறார் பவணந்தி முனிவர். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கிலும் புலவன் தன்னைப் பற்றித் தானே சொல்லலாம்.

இன்றைய ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு இதைவிடப் பொருத்தமான அனுமதிச் சீட்டு கிடைக்காது. இதழாசிரியருக்குக் கட்டுரை யோசனையை மின்னஞ்சலில் அனுப்புகிறாரே, அதுதான் அரசவைக்கு எழுதும் ஓலை. இணையத்தில் எழுதும் ஒவ்வொரு நாளும் அவர் நிற்பது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே. அங்கே வாய் திறக்காமல் இருப்பதை அடக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

மாதச் சம்பளம் வாங்கும் நிருபருக்குப் பத்திரிகையின் பெயரே அறிமுகம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு அது இல்லை. இந்த வாரம் ஒரு இதழில் கட்டுரை, அடுத்த மாதம் ஒரு நாளிதழின் இணைப்பில் பத்தி, நடுவே ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு குறும்படத்துக்கு வசனம் என்று அவருடைய உழைப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இவ்வளவையும் செய்தவர் ஒரே ஆள் என்று எடுத்துச் சொல்ல வேறு யாரும் வரப்போவதில்லை.

பாரதிக்குத் தன்னை எடுத்துச் சொல்வதில் கூச்சம் இருந்ததில்லை. 1920-ல் தன் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக, புத்தகத்துக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட அவர் திட்டம் போட்டார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தன் புத்தகங்கள் சாதாரணமாக விற்கும் என்று நம்பினார். கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அந்தத் திட்டம் தாளோடு நின்றிருந்தது. மகாகவி தன் எழுத்தை விற்கக் கணக்குப் போட்டதில் இழிவு எதுவும் இல்லை. வாசகரிடம் நேராகப் போய்ச் சேர அவருக்கு வழிதான் இல்லை. நமக்கு இருக்கிறது.

எதைப் பற்றி எழுதுபவர் நீங்கள்?

இதழ்களின் ஆசிரியர் குழுக் கூட்டங்களில் ஒருவரை நினைவுகூர்வது பெரும்பாலும் பொருளை வைத்துத்தான். ‘நிலத்தடி நீரைப் பற்றி யாரிடம் எழுதி வாங்கலாம்? மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றித் தெரிந்தவர் யார்? ஜிஎஸ்டியைச் சிறு வியாபாரிக்குப் புரிகிற மாதிரி யார் எழுதுவார்?’ இப்படித்தான் பேச்சு போகும். ‘நல்ல நடை உள்ளவர் யார்?’ என்று கேட்பது அபூர்வம். அதனால், கவிதை, சிறுகதை, அரசியல், சமையல், சினிமா எல்லாம் எழுதுவேன் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்பவர் அந்தக் கூட்டத்தில் நினைவுக்கு வருவதில்லை. பனைத் தொழிலைப் பற்றி நான்கு நல்ல கட்டுரை எழுதியவர் உடனே நினைவுக்கு வருவார்.

ஒரே பொருளில் அடைந்து கிடக்கச் சொல்லவில்லை. வாசலில் எழுதி வைக்கும் பெயர்ப் பலகையில் ஒன்றோ இரண்டோ பொருள் இருக்கட்டும். உள்ளே வந்தவருக்கு மற்றதைக் காட்டிக்கொள்ளலாம். தமிழில் ஆழமாக எழுத ஆளில்லாத துறைகள் இன்னும் ஏராளம். மருத்துவக் காப்பீடு, நகரத் திட்டமிடல், கால்நடை, தொழிலாளர் சட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடர்ந்து எழுதி, எழுதியதைத் தேடினால் கிடைக்கும்படி வைத்தாலே பாதி விளம்பரம் முடிந்தது.

தேடினால் கிடைப்பது என்பதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். முதல் சிக்கல் பெயர். முன்னெழுத்தோடு ஒரு இதழில், இல்லாமல் இன்னொன்றில், புனைபெயரில் மூன்றாவதில் என்று எழுதினால் தேடுபொறிக்கு மூன்று பேர் தெரிவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இன்னும் குழப்பம். லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று முடிவு செய்து, முகநூல், மின்னஞ்சல், கட்டுரையின் கீழே வரும் குறிப்பு, புத்தக அட்டை என எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சிக்கல் எழுத்துரு. அச்சு வேலைக்காகப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் நம்மில் பலரிடம் இன்றும் இருக்கின்றன. பார்க்கத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். அதைப் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றினால் தேடுபொறியால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. கட்டுரை வந்த பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து ‘இந்த வார இதழில் நான்’ என்று போடுவதிலும் இதே குறை. படத்தைப் பார்த்து வாழ்த்து வரும். ஆறு மாதம் கழித்து அந்தப் பொருளைத் தேடும் ஒருவருக்கு அது கிடைக்காது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு விடுமுறை வாரத்தை இதற்காக ஒதுக்குங்கள்.

வாடகை வீடும் சொந்த வீடும்

முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாம் எழுத்தாளருக்கு வாடகை வீடுதான். உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். இன்று பேர் சொல்லும் தமிழ் எழுத்தாளர்கள் பலர் 2000-களின் தொடக்கத்தில் யாஹூ குழுமங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மரத்தடி, ராயர் காபி கிளப் என்று அன்றைக்கு அத்தனை உயிரோட்டமான உரையாடல் அங்கே நடந்தது. யாஹூ குழுமங்கள் 2020-ல் மூடப்பட்டன. ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் போயின. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள்.

அதனால் சொந்தமாக ஒரு இணையதளம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு சிறு தொகைக்கே ஒரு டொமைன் பெயர் கிடைத்துவிடும். பிளாகரில் இலவசமாகத் தொடங்கி, அந்தப் பெயரை அதோடு இணைத்துக்கொள்ளலாம். அலங்காரம் தேவையில்லை. நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று ஐந்து வரி. உங்கள் ஆகச் சிறந்த ஏழெட்டுக் கட்டுரைகள். உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரி. மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், பயிலரங்கு என்று வேறு வேலைகளும் செய்வீர்களானால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதியதையெல்லாம் கொட்ட வேண்டாம். வேலை கொடுக்க வருபவருக்கு நேரம் குறைவு.

பெண் எழுத்தாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைபேசி எண்ணையோ வீட்டு முகவரியையோ இணையத்தில் பொதுவில் வைக்கவே வேண்டாம். எழுத்து வேலைக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். கருத்து எழுதிய ஒரே காரணத்துக்காகப் பெண்கள் இணையத்தில் படும் வசை கொஞ்சநஞ்சமல்ல. மோசமான கருத்துகளை நீக்குவதும் ஆளை பிளாக் செய்வதும் உங்கள் உரிமை. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரிகைகளின் இணையதளத்தில் வந்த கட்டுரைகளை நம்பியும் இருக்கக் கூடாது. தளத்தை மாற்றி அமைக்கும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன. சில இதழ்களே நின்றுபோய்விடுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் உங்கள் கட்டுரையின் முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்தின் நகலைக் காசில்லாமல் சேமித்து வைக்கும். கட்டுரை வெளியான அன்றே செய்துவிட வேண்டிய வேலை இது.

அந்தக் கட்டுரை யாருடையது?

‘இதழில் வந்த கட்டுரையை என் தளத்தில் போடலாமா?’ புதிதாக எழுத வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பலர் பயத்தினாலேயே போடாமல் விட்டுவிடுகிறார்கள். சட்டம் எழுத்தாளர் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். ஊழியராக இருந்து எழுதுபவருக்கு நிலைமை வேறு. வெளியிலிருந்து எழுதுபவருக்கு அது பொருந்தாது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாக, கையெழுத்தோடு செய்ய வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பியதாலோ சன்மானத்தை வாங்கிக்கொண்டதாலோ மட்டும் பதிப்புரிமை கைமாறிவிடாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

ஆகவே எதிலும் கையெழுத்திடும் முன் முழுதாகப் படியுங்கள். ‘அனைத்து உரிமைகளும்’ என்று இருந்தால், ‘என் தளத்திலும் தொகுப்பு நூலிலும் வெளியிடும் உரிமை எனக்கு உண்டு’ என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அதே சமயம், இதழ் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுக் கட்டுரையையும் தளத்தில் போடுவது முறையில்லை. அடுத்த இதழ் வரும்வரை பொறுத்திருந்து, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ‘இன்ன இதழில் வெளியானது’ என்ற குறிப்போடு போடுங்கள். உங்கள் எழுத்துதான் உங்களுடையது. பக்க வடிவமைப்பும் புகைப்படமும் உங்களுடையவை அல்ல.

மின்னூல் போடுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அமேசான் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அதன் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம்தான். சேர்ந்தாலோ, 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. வலைப்பதிவிலோ பிரதிலிபி தளத்திலோ தொடராக எழுதிய நாவலை அங்கே அப்படியே விட்டுவிட்டு இதில் சேர்ப்பது விதிமீறல். சேருமுன் மற்ற இடங்களில் நீக்கிவிட வேண்டும். மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைத்திருக்கலாம்.

இலவசமாகக் கொடுத்தால் விற்காதா?

மகாபாரதத்தை நாவல் வரிசையாக மறுபடி சொல்லும் ‘வெண்முரசு’ 2014 ஜனவரி 1-ல் எழுத்தாளர் ஜெயமோகனின் இணையதளத்தில் தொடங்கியது. தினம் ஒரு அத்தியாயம். 2020 ஜூலையில் 26-வது நாவலோடு முடிந்தது. முழுவதும் இலவசம். அச்சுப் புத்தகமாகவும் வந்தது, வாங்கினார்கள். 2011-ல் அதே தளத்தில் இலவசமாக வந்த ‘அறம்’ கதைகள் நூலாகி, பின்னர் பிரியம்வதா ராம்குமாரின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போயின. எல்லோராலும் தினம் ஒரு அத்தியாயம் எழுத முடியாது, எழுத வேண்டியதும் இல்லை. ஒரே இடத்தில் விடாமல் எழுதியதும், எழுதியதெல்லாம் தேதியோடு, இணைப்போடு இன்றும் அங்கேயே கிடைப்பதும்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

அமெரிக்காவில் ஆண்டி வியர் என்ற மென்பொருள் பொறியாளர் ‘தி மார்ஷியன்’ நாவலை 2009 முதல் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், திருத்திக்கொண்டார். கிண்டிலில் படிக்க வசதியாக இருக்கும் என்று வாசகர்கள் கேட்டதால் 2011-ல் அங்கே அனுமதிக்கப்பட்ட குறைந்த விலையான 99 சென்டுக்குப் போட்டார். 2014-ல் பெரிய பதிப்பகம் வெளியிட்டது, 2015-ல் திரைப்படமும் வந்தது. இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே பல ஆண்டுகள் தன் தளத்தில் எழுதி, புதிய அத்தியாயம் வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்க அவர் ஒரு வாசகர் பட்டியலைச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்தப் பட்டியல்தான் எழுத்தாளரின் உண்மையான சொத்து. முகநூலில் 5,000 நண்பர்கள் இருந்தாலும் நீங்கள் எழுதியதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது முகநூல். மின்னஞ்சல் பட்டியலில் 200 பேர் இருந்தால் 200 பேருக்கும் கடிதம் போகும். தமிழ் வாசகர்களில் பலர் மின்னஞ்சலை விட வாட்ஸ்அப்பையே அதிகம் திறக்கிறார்கள் என்பதும் உண்மை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனலில் அந்த வரம்பு இல்லை, பின்தொடர்பவர்களுக்கு உங்கள் எண்ணும் தெரியாது. எதுவானாலும், கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். குழுவில் இழுத்துப் போட்டு தினமும் காலை வணக்கத்தோடு கட்டுரை அனுப்புபவரின் எழுத்தை யாரும் திறப்பதில்லை.

சமூக வலைதளத்தில் என்ன எழுதுவது? ‘இந்த வாரம் என் கட்டுரை வந்திருக்கிறது, படியுங்கள்’ என்பதில் படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. கட்டுரைக்காகச் சேகரித்ததில் உங்களையே வியக்க வைத்த ஒரு தகவலைச் சொல்லுங்கள். இடமில்லாமல் விட்டுப்போன ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பிறகு இணைப்பைக் கொடுங்கள். பழைய கட்டுரைகளுக்கும் பருவம் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றி மார்ச் மாதம் எழுதியதை நவம்பரில் சென்னையில் மழை கொட்டும்போது மறுபடி எடுத்து வையுங்கள். அன்றைக்குத்தான் அதற்கு வாசகர் இருக்கிறார். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி, டிஎன்பிஎஸ்சி தேர்வுக் காலம், பட்ஜெட் நாள் என்று உங்கள் பொருளுக்கு எப்போது கிராக்கி வரும் என்று ஒரு நாள்காட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பிறர் சொல்லும் சொல்

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் எழுதக் கூடாது. அவனுடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், தகுதியான உரைகாரர் ஆகிய நால்வரில் ஒருவர் எழுத வேண்டும். இன்றைக்கும் ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதற்கே மதிப்பு அதிகம். அதைப் பெற ஒரே நேர்மையான வழி, நாம் முதலில் பிறரைப் படித்து எழுதுவது. சக எழுத்தாளரின் நல்ல கட்டுரையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள், அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். உங்கள் கட்டுரையைப் பாராட்டி வாசகர் கடிதம் எழுதினால், அனுமதி வாங்கி அதைத் தளத்தில் வெளியிடுங்கள். விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றி நீங்களே பக்கம் எழுதாதீர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதுவதை அங்கே வரவேற்பதில்லை. நீக்கப்பட்ட பக்கம் அவப்பெயரைத்தான் தரும்.

பெயர் வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டினால் தொகுப்பு நூலில் ஒரு கவிதை, கூடவே சான்றிதழ், இன்னும் கொஞ்சம் கட்டினால் விருது, சாதனைப் புத்தகத்தில் பெயர் என்று இளைஞர்களிடம் வசூலிக்கிறார்கள். விலைக்கு ஃபாலோயர்களும் கிடைக்கிறார்கள். இவற்றை எந்த ஆசிரியரும் எந்தப் பதிப்பாளரும் பொருட்படுத்துவதில்லை. பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். எழுத்தாளரிடமிருந்து போகிறது என்றால் அங்கே நிற்காதீர்கள். ‘சன்மானம் இல்லை, ஆனால் உங்கள் பெயர் பரவும்’ என்று எழுதச் சொல்லும் லாப நோக்குள்ள நிறுவனங்களுக்கும் இதுவே பதில். காசில்லாமல் எழுதுவதென்றால் உங்கள் தளத்திலேயே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று வாசகர்களுக்கு. எழுத்தாளர் என்னதான் பாடுபட்டாலும், அவருடைய கட்டுரை வாட்ஸ்அப்பில் ‘படித்ததில் பிடித்தது’ என்று பெயரில்லாமல் சுற்றினால் அத்தனையும் வீண். மூன்று மாதம் அலைந்து எழுதியவரின் பெயரைத் துண்டித்துவிட்டு எழுத்தை மட்டும் அனுப்புவது, அவருக்கு வரவேண்டிய அடுத்த வேலையைத் தட்டிப் பறிப்பது. தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது. அதற்காக ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் அவர் நீதிமன்றம் ஏற முடியாது. உங்களுக்குப் பிடித்த எழுத்தை நாலு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது எழுதியவர் பெயரையும் வெளியான இடத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பெயரில்லாமல் வந்தால், யார் எழுதியது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.